வளையத்தார் வளையம் காட்டினார்

எங்கள் கோளரங்கத்தில் சனிக் கோளுக்கு ஒரே ஒரு சொந்தக்காரர் இருந்தார். விரிவுரையாளர். முப்பது வருடம், வாரத்துக்கு ஆறு நாள், நாளைக்கு நான்கு காட்சி அவர் அந்தக் கோளைப் பற்றிப் பேசினார். மற்ற கோள்களெல்லாம் அவர் பேச்சில் கால் மணி நேரத்தில் வந்து போய்விடும். சனி வந்தால் மட்டும் மனிதருக்குக் குரல் கனத்துவிடும். "வளையம்" என்ற சொல்லை வாயில் போட்டு உருட்டி, ஊறவைத்து, மெதுவாக வெளியே விடுவார். அதனால் டிக்கெட் கொடுக்கும் பெண் அவருக்கு வளையத்தார் என்று பெயர் வைத்தாள். அவர் காதுக்கும் அது எட்டியது. கேலி என்று புரியாமல் பட்டம் என்று எடுத்துக்கொண்டார். புதியவர்கள் யாராவது வந்தால், "என்னை இங்க வளையத்தார்னு சொல்லுவாங்க" என்று தானே அறிமுகம் செய்துகொள்வார்.

நான் அதே கூடத்தில் மெஷின் ஓட்டுகிறவள். கூடத்தின் நடுவில் எறும்பின் தலையும் வயிறும் போல இரண்டு உருண்டைகள் வைத்த பழைய மெஷின் ஒன்று உண்டு. கவிழ்த்த கிண்ணம் போன்ற கூரையில் நட்சத்திரங்களைத் தெளிப்பது அதுதான். பக்கத்தில் என் நாற்காலி, எதிரே படங்கள் போடும் பெட்டி. அவர் "இதோ" என்றால் நான் அடுத்த படத்தைத் தட்ட வேண்டும். இருபத்திரண்டு வருடம் அவருடைய "இதோ"வுக்குக் காத்திருந்தே என் பாதி ஆயுள் போயிற்று. எந்த வாக்கியத்தில் மூச்சு வாங்குவார், எங்கே தொண்டையைச் செருமுவார், எந்த ஜோக்குக்கு அவரே முதலில் சிரிப்பார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் வீட்டுக்காரர் பேசுவதைக்கூட நான் அவ்வளவு கேட்டதில்லை.

முதல் காட்சிக்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, சாயம் பூசிய தலையை மூன்று முறை வாருவார். பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடிப்பார். பிறகு கோட்டு மாட்டுவார். கும்மிருட்டில் பேசப்போகிற மனிதருக்குக் கோட்டு எதற்கு என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"குரலுக்கு ஒரு மரியாதை வேணும்மா," என்றார்.

அந்தக் குரலைத் தவிர அவரிடம் வேறு சரக்கு கிடையாது. இங்கே வருவதற்கு முன்னால் பேருந்து நிலையத்தில் வண்டி புறப்படும் நேரங்களை ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தவர். மனைவியின் அண்ணன் எங்கள் அலுவலகத்தில் பெரிய இடத்தில் இருந்தார். அந்த மச்சான் யார் யார் காலையோ பிடித்து, பல்பும் துடைப்பமும் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோர் வேலையில் இவரை நுழைத்துவிட்டார். நுழைந்த சில மாதங்களில் பழைய விரிவுரையாளருக்குத் தொண்டையில் அறுவை. விஷயம் தெரிந்த மனிதராம் அவர். பதினொரு பக்கம் தட்டச்சு செய்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வேலைக்கு வரவில்லை. நிர்வாகத்துக்கு அறிவு அவசரமாக வேண்டியிருக்கவில்லை, குரல்தான் வேண்டியிருந்தது. ஸ்டோரிலிருந்து குரலைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் பதினொரு பக்கத்தையும் நெட்டுருப் போட்டார். சனிக் கோளைப் பற்றிப் பன்னிரண்டாவது பக்கம் என்று ஒன்று இருக்கக்கூடும் என்பது அதன் பிறகு அவருக்குத் தோன்றவே இல்லை.

பேச்சு மோசமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். எழுதியவர் நன்றாக எழுதியிருந்தார். சனி ஒரு வாயுக் கோள், அங்கே கால் வைக்கத் தரை கிடையாது, இறங்கினால் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நம் பூமியைப் போல ஒன்பது பூமியை அதன் குறுக்கே வரிசையாக அடுக்கலாம். அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பத்தரை மணி நேரத்தில் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். ஆனால் சூரியனை ஒருமுறை சுற்றிவர அதற்கு இருபத்தொன்பதரை வருடம் ஆகும். தண்ணீரைவிட லேசானது என்பதால், அதைப் போடுகிற அளவுக்குப் பெரிய தொட்டி கிடைத்தால் மிதக்கும். இந்த இடத்தில் வளையத்தார் சற்று நிறுத்தி, "அந்தத் தொட்டியை யாருங்க கழுவறது?" என்று கேட்டுத் தானே சிரிப்பார். நாளைக்கு நாலு தடவை. எனக்கு அந்தத் தொட்டியில் அவரைத் தள்ளிவிடலாமா என்றிருக்கும்.

பிறகு வளையம். முதன்முதலில் தொலைநோக்கியில் பார்த்தவருக்கு அது வளையம் என்று புரியவில்லை, கோளுக்கு இரண்டு பக்கமும் காது முளைத்தது போலத் தெரிந்தது. கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து இன்னொருவர் அதை வளையம் என்று கண்டு சொன்னார். அவ்வளவும் பனிக்கட்டித் துண்டுகள், தூசி அளவிலிருந்து வீடு அளவு வரைக்கும். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல், தடிமனோ பெரும்பாலான இடங்களில் ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் உயரம்கூட வராது. இதை முப்பதாயிரம் தடவையாவது அந்த வாய் சொல்லியிருக்கும். வாய்க்கும் மூளைக்கும் இடையில் பாதை இருந்திருந்தால் ஒரு தடவையாவது அது மேலே போயிருக்கும்.

பேச்சின் கடைசிப் பகுதிதான் எனக்கு வயிற்றெரிச்சல். "விரைவில் ஒரு பெரிய விண்கலம் சனியை நோக்கிப் புறப்படவிருக்கிறது" என்று பேருந்து நிலையக் குரலில் முடிப்பார். அவர் மைக்கைப் பிடித்த வருடம் அது உண்மை. பிறகு காசினி என்கிற அந்த விண்கலம் புறப்பட்டது, ஏழு வருடம் பயணம் செய்தது, பதின்மூன்று வருடம் சனியைச் சுற்றியது. கூடவே போன சின்னக் கலம் டைட்டன் என்கிற பெரிய நிலாவில் இறங்கி, ஆறு ஓடிய தடம் போன்ற பள்ளங்களைப் படம் எடுத்து அனுப்பியது. இன்னொரு குட்டி நிலாவின் வெடிப்புகளிலிருந்து தண்ணீர் பீறிட்டு அடிப்பதைக் காசினி கண்டது. சனியின் வடதுருவத்தில் ஆறு பக்கக் கட்டம் போட்டுச் சுழலும் மேகத்தைக் கண்டது. எரிபொருள் தீரும் நேரத்தில் அதைச் சனிக்குள்ளேயே பாயவிட்டார்கள், எரிந்துபோயிற்று. எரிந்து எட்டு வருடம் ஆகிறது. எங்கள் கூடத்தில் அது இன்னும் புறப்படவே இல்லை.

நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"ஜனங்க ஒரு எதிர்பார்ப்போட வீட்டுக்குப் போகணும்மா. எரிஞ்சு போச்சுன்னா மனசு கஷ்டப்படும்," என்றார்.

"சனிக்கு நிலா பதினெட்டுங்கறீங்களே சார். இப்போ எரநூத்தி எழுபதுக்கு மேலங்கறாங்க."

"எண்ணிக்கையா முக்கியம்? உணர்ச்சிதான் முக்கியம்."

உணர்ச்சி! சீப்பைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

கோளரங்கத்தின் மொட்டைமாடியில் ஒரு தொலைநோக்கி உண்டு. வளையத்தார் அங்கே ஏறி நான் பார்த்ததில்லை. முழங்கால் வலி என்பார் ஒருநாள், பனி ஒத்துக்கொள்ளாது என்பார் இன்னொரு நாள். ஆனால் காட்சி முடிந்து யாராவது, "நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா சார்?" என்று கேட்டால் போதும், "ஆயிரம் தடவை" என்று கண்ணை மூடிக்கொண்டு ரசிப்பார். கதை அளக்கவும் ஒரு திறமை வேண்டும், அது அவரிடம் இருந்தது.

அந்த மாடியைப் பார்த்துக்கொண்டவள் ஒரு ஒப்பந்த ஊழியை. அவளுக்கும் டிக்கெட் பெண்தான் பெயர் வைத்தாள், "மாடி" என்று. இயற்பியல் படித்தவள். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், வெளியூரில் வேலை பார்க்கும் கணவன், நாளெல்லாம் குறை சொல்லும் மாமியார். ஒன்பது வருடமாக அந்தத் தொலைநோக்கியைத் துடைத்து, மூடி, திறந்து, வரிசையில் வரும் ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் காட்டினாள். வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களே தவிர நிரந்தரமாக்கவில்லை. இந்த வருடம் ஒருவழியாக நிரந்தரப் பட்டியலில் அவள் பெயர் ஏறியிருந்தது. இதில் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், அதன் பிறகு எந்தப் பட்டியலும் கிடையாது. எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். அவள் ஒருத்திதான் அதைப் பற்றிப் பேச மாட்டாள், பேசினால் கைநழுவிவிடும் என்று பயந்தவளைப் போல.

பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியவர் தலைமை அலுவலகத்து மேலதிகாரி. அவர் ஆய்வுக்கு வருகிறார் என்று தெரிந்ததும் வளையத்தாருக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கு ஓய்வு நெருங்கிவிட்டது, இரண்டு வருடம் பணி நீட்டிப்பு வேண்டும். அதிகாரியை அசத்துவதற்கு ஒரு யோசனை கண்டுபிடித்தார். எங்களில் யாரையும் கேட்காமல் அச்சடித்து, ஊர் முழுக்கச் சுவரில் ஒட்டியும் விட்டார். "சனிக்கிழமை மாலை சனியைப் பாருங்கள்! வளையத்தை உங்கள் கண்ணால் காணுங்கள்!"

அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி சாப்பாட்டு அறைக்கு வந்தாள். நானும் டிக்கெட் பெண்ணும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வளையத்தார் எதிர் மேசையில் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"சார், இந்த வருஷம் வளையம் தெரியாது சார்," என்றாள்.

"ஏன், எங்க போச்சு? ஊருக்குப் போயிருக்கா?"

டிக்கெட் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஜோக்குக்கு அல்ல, அவர் மூஞ்சிக்கு.

மாடி என் டிபன் பாக்ஸ் மூடியை எடுத்தாள். வட்டம் முழுதாகத் தெரியும்படி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இப்போ தெரியுதா சார்? வட்டமா?" பிறகு மூடியைத் திருப்பி, விளிம்பு மட்டும் அவர் பக்கம் இருக்கும்படி வைத்தாள். "இப்போ? வெறும் கோடுதானே. சனி சாஞ்சு நின்னுக்கிட்டுச் சுத்துது. பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வளையத்தோட விளிம்பு நமக்கு நேரா வந்துடும். பத்து மாடி உயரம்கூட இல்லாத தடிமன்னு நீங்களே சொல்றீங்களே சார், அது அவ்வளவு தூரத்துலேர்ந்து எப்படித் தெரியும்? முதல்ல பாத்தவருக்கே ரெண்டு வருஷத்துல அந்தக் காது காணாமப் போய் அவர் குழம்பிட்டாரு. அடுத்த வருஷம் வெச்சுக்கலாம் சார், கொஞ்சம் விரிஞ்சிருக்கும்."

நல்ல விளக்கம். என் மூடியில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை கீழே விழுந்ததைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை. வளையத்தாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"முப்பது வருஷமா இந்த வாயால வளையம் வளையம்னு சொல்லிட்டிருக்கேன். ஒரு நாளாவது காணாமப் போச்சா? எனக்கே பாடம் எடுக்க வந்துட்டே. லென்ஸைத் துடைக்கிற வேலையை மட்டும் பாரு."

அவள் போனைத் தட்டிப் படம் காட்டினாள். "நெட்ல ஆயிரம் போடுவான்," என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் மொட்டைமாடிக்குப் போனேன். ஆசை யாரை விட்டது. மாடி எனக்காகத் தொலைநோக்கியைத் திருப்பிவைத்து, "பாருங்கக்கா," என்று விலகி நின்றாள். மங்கலான மஞ்சள் உருண்டை. அதன் நடுவே குத்திய ஊசி போல, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு மெல்லிய கோடு. வளையம் இல்லை. அவள் சொன்னது அப்படியே சரி. கீழே இறங்கி வந்து டிக்கெட் பெண்ணிடமும் சொன்னேன், நாளைக்கு வளையத்தாரின் மானம் கப்பலேறப் போகிறது என்று. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

சனிக்கிழமை இருட்டத் தொடங்கியபோதே இருநூறு பேர் வந்துவிட்டார்கள். வரிசை மாடிப்படியில் வளைந்து கீழே வாசல் வரை நின்றது. அதிகாரிக்கு முதல் பார்வை. வளையத்தார் கோட்டு மாட்டி, எனக்குத் தெரிந்து முதல்முறையாக மாடிக்கு ஏறி வந்திருந்தார். தொலைநோக்கிக்குப் பக்கத்தில் வரவில்லை, கைப்பிடிச் சுவரோரம் நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். அதிகாரி கூடத்துப் படங்களைப் பற்றிக் கேட்டால் விளக்கம் சொல்ல என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

அதிகாரி குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். மறு கண்ணை மூடினார். நிமிர்ந்தார்.

"எங்கய்யா வளையம்? வெறும் உருண்டையா இல்ல இருக்கு?"

வரிசையில் முன்னால் நின்றவர்களுக்கு அது கேட்டது. அவர்கள் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். படிக்கட்டு முழுக்க முணுமுணுப்பு இறங்கியது. வளையத்தாரின் முகம் வெளுத்தது. அவர் விழுந்து புரளப் போகிறார் என்று நான் உள்ளுக்குள் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் விழவில்லை. இப்படிப்பட்டவர்கள் விழும்போது பக்கத்தில் நிற்பவரைக் கீழே போட்டு அவர் மேல்தான் விழுவார்கள்.

"லென்ஸைக் கெடுத்துட்டா சார்," என்றார், மாடியைக் காட்டி. "நேத்து பக்கெட்டுல சோப்புத் தண்ணி வெச்சிருந்தா, நானே பாத்தேன். கழுவியிருப்பா."

"அது மேல மூடற துணியைத் துவைச்சது சார்!" என்றாள் மாடி. "லென்ஸைத் தண்ணில யாராவது கழுவுவாங்களா? இந்த வருஷம் வளையம் விளிம்பு வாட்டத்துல இருக்கு சார், எந்த ஊர்ல பாத்தாலும் இப்படித்தான் தெரியும். போன வாரமே சார்கிட்ட சொன்னேன்."

அதிகாரிக்குக் கோபம். இருநூறு பேர் முன்னால் ஒன்றும் இல்லாத இடத்தில் கண்ணை வைத்துக் குனிந்து நின்றுவிட்டார் அல்லவா.

"முப்பது வருஷ அனுபவஸ்தருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நீங்க கண்ணாடி, லைட்டு எல்லாம் கையாளறவங்கதானே? சொல்லுங்க. இந்தப் பொண்ணு சொல்றது சரியா, இல்ல மெஷின் கெட்டுப் போச்சா?"

இங்கே என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருந்தது ஊழியர் குடியிருப்பில், மூன்றாவது மாடியில். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் போய்விட்டது. படியிறங்கி ஏற அரை மணி நேரம் ஆகும், பாதிப் படியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியாகியிருந்தது. அதற்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். வீடு ஒதுக்கும் குழுவில் வளையத்தார் ஒருவர், அதிகாரிதான் கையெழுத்து.

"நான் கீழ கூடத்துல மெஷின் ஓட்டறவ சார். மாடி விஷயம் எனக்குத் தெரியாது," என்றேன்.

முழுப்பொய் இல்லை என்று அப்போது சமாதானம் செய்துகொண்டேன். மாடி வேலை என்னுடையது இல்லைதான். அப்படியே பூசி மெழுகிவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டேன். மாடி என்னைப் பார்த்தாள். அதிக நேரம் பார்க்கவில்லை. வரிசையில் அடுத்து நின்ற அம்மாளிடம், "வாங்கம்மா, வந்து பாருங்க, வளையம் தெரியாது, கோளைப் பாக்கலாம்," என்று சொல்லி ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"ஒரு சாமானை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவங்களை எப்படி நிரந்தரம் பண்றது?" என்று அதிகாரி யாரையும் பார்க்காமல் கேட்டார். கூட வந்த குமாஸ்தா குறித்துக்கொண்டான். பட்டியல் புதன்கிழமை மாலை ஐந்து மணித் தபாலில் தலைமை அலுவலகத்துக்குப் போகும், அதில் அவள் பெயர் இருக்காது என்று திங்கட்கிழமை எங்களுக்குச் செய்தி வந்தது. ஒப்பந்தத்தையும் இந்த மாதத்தோடு முடித்துக்கொள்கிறார்களாம். மாடியோ தொலைநோக்கிச் சாவிகளுக்கு ஒவ்வொன்றாகச் சீட்டு எழுதிக் கட்டிக்கொண்டிருந்தாள், அடுத்து வருகிறவருக்குக் குழப்பம் வரக்கூடாது என்று.

புதன்கிழமை மூன்றரை மணிக்கு வளையத்தார் கூடத்தை ஒட்டிய என் சாமான் அறைக்குள் வந்தார். அப்படி வருகிறவரே இல்லை. தலை வாரியிருக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, படப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, வளையம் நிஜமாவே மறையுமா?"

"யாரு சொன்னா?"

"எம் பொண்ணு போன் பண்ணா. அவ ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர் இல்ல. யாரோ அந்த போஸ்டரைப் படம் புடிச்சு அனுப்பியிருக்காங்க. 'என்னப்பா, இந்த வருஷம் போய் வளையம் காட்டறேன்னு ஒட்டியிருக்கீங்க'ன்னு சிரிக்கிறா."

"மறையும் சார்."

"பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவையா?"

"ஏறக்குறைய. போன தடவை சூரியனுக்குப் பக்கத்துல இருந்ததால யாரும் பாக்கலை. அதுக்கு முந்தினது முப்பது வருஷம் முன்னாடி."

மனிதர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கையை எடுத்தபோது இரண்டும்தான் என்று தெரிந்தது.

"நான் சேந்த வருஷம்மா. மைக்கைக் குடுத்த அன்னிக்கு, பேசப்போறோமே, ஒரு தடவை கண்ணால பாத்துடுவோம்னு தனியா மாடி ஏறினேன். பாக்கறேன், உருண்டைதான் இருக்கு. வளையமே இல்ல. மறுநாளும் பாத்தேன். இல்ல. பழைய லெக்சரர் ஆஸ்பத்திரில, பேச முடியாது. வேற யாரைக் கேக்கறது? உலகத்துக்கே தெரியற வளையம் எனக்கு மட்டும் தெரியலைன்னா எங்கண்ணுலதான் கோளாறுன்னு முடிவு பண்ணிட்டேன். வெளில சொன்னா மைக்கைப் புடுங்கிட்டுத் திரும்ப ஸ்டோருக்கு அனுப்பிடுவாங்க. வாயை மூடிட்டேன். அப்புறம் அந்தக் குழாய்க்கிட்ட போகவே பயம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட போவேன். படிக்கக் கண்ணாடி போதும், வேற ஒரு குறையும் இல்லைம்பாரு. நம்பினதே இல்ல. பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது."

முப்பது வருடம்! மூன்று மாதம் பொறுத்து மறுபடி ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் முடிந்துபோகிற விஷயம். ஒரு புத்தகத்தைப் புரட்டியிருந்தால் முடிந்துபோகிற விஷயம். இப்படியும் ஒரு முட்டாள் உண்டா என்று நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதே சமயம், அந்தப் பயத்தை மடியில் கட்டிக்கொண்டு நாளைக்கு நாலு தடவை "வளையம், வளையம்" என்று கத்திய தொண்டையை நினைத்தால் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

"அப்போ எங்கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு!" என்றார். முகம் மலர்ந்து கிடந்தது. "நான் பாத்தது சரிதாம்மா! சரியா பாத்திருக்கேன்!"

இருந்த பாவமும் போய்விட்டது.

"மாடியோட பேரை அடிச்சாச்சே சார்," என்றேன்.

"ஆமா, பாவம்," என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே கேட்டார். "உனக்குத்தான் தெரியுமேம்மா. முந்தின நாளே மேல போய்ப் பாத்தியாம், டிக்கெட் பொண்ணு சொன்னா. அதிகாரி கேட்டப்போ நீ ஏன் சொல்லலை?"

குத்திக்காட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. குத்திக்காட்டத் தெரிந்த ஆள் இல்லை அவர். கூட்டத்தில் சின்னப் பிள்ளை சந்தேகம் கேட்பது போல, பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். அவர் பொய் சொன்னபோது அவருக்கு உண்மை தெரியாது. எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் அந்த மனிதர்மேல் நான் துப்பிய அத்தனையும் என் மூஞ்சியில் வந்து விழுந்தது போல இருந்தது.

"பட்டியல் இன்னும் ஆபீஸ்லதான் இருக்கு," என்றார். "அஞ்சு மணிக்குத்தான் தபால் கட்டறாங்களாம். நீ போய் ஒரு வார்த்தை சொல்லேன். நான் சொன்னா நீட்டிப்பு போயிடும். உனக்கென்ன."

எனக்கென்ன. கீழ்த்தள வீட்டுக் கடிதமும் அதே தபால் கட்டில்தான் இருந்தது. காலையில்தான் குமாஸ்தாவிடம் கேட்டு உறுதி செய்திருந்தேன்.

"மணியடிச்சிட்டாங்க சார், போங்க," என்றேன்.

நாலு மணிக் காட்சிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். விளக்கை அணைத்தேன். நட்சத்திரங்களைப் போட்டேன். சனி வந்தது. பனிக்கட்டித் துண்டுகள், பத்து மாடி உயரம் எல்லாம் சொல்லி முடித்தவர், வழக்கமாக "இதோ" சொல்லும் இடத்தில் சொல்லவில்லை. முப்பது வருடத்தில் முதல்முறையாகப் பேச்சை மாற்றினார்.

"பிள்ளைகளே, இந்த வளையம் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். ஒரு டிபன் பாக்ஸ் மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு நேரே பிடித்தால் வட்டம். விளிம்பைத் திருப்பினால்? வெறும் கோடு! அந்த அதிசயத்தை முப்பது வருடத்துக்கு முன்னால் இந்தக் கட்டடத்தின் மாடியில் நான் என் கண்ணால் பார்த்தேன்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்படி ஒரு கைதட்டலை அந்தக் கூடத்தில் நான் கேட்டதில்லை. "இதோ" என்றார். நான் அடுத்த படத்தைத் தட்டினேன்.

காட்சி முடிந்து விளக்கைப் போட்டபோது சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து பத்து.